ஐந்து பெட்டி ஹனிபா

ஹனிபா காக்கா கடலுக்குப் போகத் தான் வைத்திருந்த அனுமதி அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது. இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, வழியெல்லாம் இறங்கி ஏறிச் சோதனை கொடுத்து, எங்கள் அலுவலகப் படி ஏறியவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மகள், இதுல என்ட பேர் எங்க இரிக்கி?"

எடுத்துப் பார்த்தேன். படம் இருந்தது. படகின் இலக்கம் இருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தமிழுக்கு ஒரு வரி, சிங்களத்துக்கு ஒரு வரி. இரண்டிலும் எழுத்தே இல்லை. ஒவ்வொரு வரியிலும் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள் ஐந்து, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல நின்றன.

"கடற்கரைச் சென்றியில காவல் நிக்கிற பொடியன் பேர் என்ன எண்டான். ஹனிபா எண்டன். விரல் மடிச்சு எண்ணினான். ஹ, னி, பா. மூண்டு. பொறகு அட்டையைப் பாத்திட்டு, 'இதுல அஞ்சு இரிக்கி. மத்த ரெண்டு பேரும் ஆரு?' எண்டு கேக்கான்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அட்டை இல்லாமல் ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்திருந்த காலம் அது. அவருடைய வள்ளம் மணலில் கிடந்தது. கூடப் போகிறவர்களின் வீடுகளிலும் அடுப்பு மணலைப் போலத்தான் குளிர்ந்து கிடந்திருக்கும்.

பென்குயின் வந்த கதை

சமாதானம் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நாட்கள். திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கமாக இருந்த மீனவர் சங்க அலுவலகம் ஒன்றில் நான் கணினி இயக்குநராக இருந்தேன். கடலுக்குப் போகிறவர்களின் அட்டைகளை அச்சடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ஒரே கணினி. அதன் முன்னால் முற்பகலில் நான் இருப்பேன், பிற்பகலில் செல்வம் இருப்பார். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், தம்பலகாமத்துக்காரர். வயலை விட்டுவிட்டு எழுதுவினைஞராக வந்தவர்.

எழுத்துரு பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், அந்தக் காலத்தில், அந்த ஊரில், லினக்ஸ் என்ற இயங்குதளம் எப்படி வந்தது என்று. சுலபமான பதில்தான். கணினியைத் தந்த உதவித் திட்டக்காரர்கள் விலைக்கு விற்கும் மென்பொருளுக்குக் காசு தரவில்லை. ஆகவே கொழும்பிலிருந்து ரமணன் என்ற இளைஞன் சில சீடீக்களோடு வந்து, இரண்டு நாள் எங்கள் அலுவலகத்தில் பாணும் பருப்பும் சாப்பிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனான். திரையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் அதுதான் முதலில் வரும். எங்கள் சங்கத்து முகாமையாளர் அதை வாத்தென்று நினைத்துத் தாரா என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

அட்டை அச்சடிக்கும் நிரல் ஒன்று லினக்ஸோடு கூடவே வந்தது. அதற்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ரமணன் அதன் புதிய பதிப்பு ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்து போட்டான். புதியதற்கு இரண்டும் தெரியும். எனக்குக் கறுப்புத் திரையைத் திறந்து நிரலின் பெயரைத் தட்டச்சுச் செய்து தொடங்கப் பழக்கினான். செல்வம் அண்ணைக்குக் கறுப்புத் திரை என்றால் பயம். அவருக்காகத் திரையில் மீன் படம் ஒன்றை வைத்து, அதை அமத்தினால் நிரல் திறக்கும்படி செய்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

கையின் குற்றம்

நான் அடித்த அட்டைகளில் எழுத்து இருந்தது. செல்வம் அண்ணை அடித்த அட்டைகளில் பெட்டி இருந்தது.

ஒரே கணினி. ஒரே அச்சு இயந்திரம். ஒரே மை. முகாமையாளர் வெகுநேரம் யோசித்துவிட்டு, மாறுவது கை ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார்.

"செல்வம், உமக்குக் கைராசி இல்லை. குறை நினைக்காதையும்."

முதலில் இடது கையால் அமத்தச் சொன்னார். பெட்டி வந்தது. கதிரையைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்தார். பெட்டி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தவர், மௌசுக்குத் திருநீறு பூசிவிட்டார். அதற்குப் பிறகு பெட்டியும் வந்தது, மௌசும் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றி ஊதித் துடைக்க எனக்கு ஒரு முற்பகல் போயிற்று.

பிழையாக வந்த அட்டைகளை வாசலில் ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும். ஒரு கொம்பு மான் தினமும் வந்து அந்த அட்டைகளை மென்று தின்றது. பெட்டி போட்ட அட்டை அதற்குப் பிடித்துவிட்டது என்று முகாமையாளர் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

எங்களுக்கு இது பகிடி. செல்வம் அண்ணைக்கு இல்லை. அவர் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளத் தொடங்கினார். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லச் சொன்னார்:

"சுகந்தி, வீட்டில பிள்ளைக்குச் சோறு தீத்தவும் யோசனையாக் கிடக்கு. இந்தக் கையில உண்மையா ஏதும் இருக்குமோ?"

நான் இல்லை என்றேன். ஆனால் ஏன் பெட்டி வருகிறது என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை.

ஹனிபா காக்கா வந்து நின்ற அன்று நான் பதறிப்போய், கறுப்புத் திரையைத் திறக்காமல், அவசரத்தில் மீன் படத்தை அமத்திவிட்டேன். அட்டை வந்தது. ஐந்து பெட்டி.

செல்வம் அண்ணை கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "சுகந்திக்கும் பெட்டி! சேர், வந்து பாருங்கோ, சுகந்திக்கும் பெட்டி!" அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஹனிபா காக்கா ஒன்றும் விளங்காமல், இந்த அலுவலகத்தில் பெட்டி வந்தால் சந்தோசப்படுவார்கள் போலும் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கை அல்ல, வழி. நான் ஒரு வழியால் போகிறேன், மீன் படம் வேறு வழியால் போகிறது.

தொலைபேசிக் கடை

அலுவலகத் தொலைபேசி செத்துக் கிடந்தது. ஹனிபா காக்காவை இருக்கச் சொல்லிவிட்டு, சந்தியில் இருந்த கொமினிகேஷனுக்குப் போய் ரமணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஒரு நிரலைக் கூப்பிட்டால் எந்தெந்த இடத்தில், எந்த ஒழுங்கில் தேடவேண்டும் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'பாத்' என்று பெயர். ரமணனும் நானும் தமிழில் பாதை என்போம். ரமணன் புதிய நிரலைப் போட்டிருந்த இடத்துக்கு 'ஒப்ட்' என்று பெயர். எங்கள் பகுதியில் பாதைக்கு வேறு பொருள்களும் உண்டு. தெருவும் பாதைதான். கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவையும் பாதைதான். அந்த நாட்களில் இரண்டுமே திறப்பதும் மூடுவதும் இராணுவ முகாம்காரர்களின் கையில் இருந்தது.

இரைச்சல் நிறைந்த இணைப்பு. கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"ரமணன், கறுப்புத் திரையால போனா எழுத்து வருது. படத்தை அமத்தினா பெட்டி வருது."

"எங்க இருந்து எடுக்குதெண்டு பாத்தீங்களா அக்கா?"

"கறுப்புத் திரையில கேட்டன். ஒப்ட் எண்டு சொல்லுது."

"சரி. ஒப்ட்தான் புதுப் பாதை. அது உள்ள இருக்கிற ஆளுக்கு மட்டுந்தான் தெரியும். வெளியில நிக்கிற ஆக்களுக்கு நான் சொல்ல மறந்திட்டன். அவை இன்னும் பழைய பாதையாலதான் போகினம்."

"அப்ப பழைய பாதையை மூடவோ?"

"ஐயோ, வேண்டாம்! முதல்ல புதுப் பாதையை எல்லாருக்கும் அறிவியுங்கோ. பழையது இப்ப ஓடிக்கொண்டு நிண்டா, அதைக் கொல்லுங்கோ, பிறகு தொடங்குங்கோ."

ஓடும் நிரலை நிறுத்துவதைக் கொல்வது என்றுதான் சொல்வோம். "ஓம், கொல்லுறன்!" என்று கத்திவிட்டு றிசீவரை வைத்தேன்.

திரும்பினேன். எனக்குப் பின்னால் வரிசையில், கட்டைக் கை சேர்ட் போட்ட ஒருவர் நின்றார். அவர் தொலைபேசி எடுக்க வந்தவர் அல்ல.

"மிஸ், கொஞ்சம் வாங்க," என்றார்.

ஒப்ட் எங்கே?

முகாமில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். மேலே விசிறி சுற்றியது. துறைமுகத்திலிருந்து டீசலும் அழுகிய பாசியும் கலந்த காற்று வந்தது. சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேன் என்றாலும் அன்று சிரிக்க முடியவில்லை. விசாரணைக்கென்று உள்ளே போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய காலம் அல்ல அது. அம்மா மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

பொறுப்பதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தலை பாதி நரைத்தவர். தமிழ் ஓரளவு பேசினார். முன்னால் ஒரு துண்டுக் கடதாசி.

"ஒப்ட் யாரு?"

"ஆள் இல்லை சேர். கொம்பியூட்டருக்குள்ள ஒரு இடம்."

"புதுப் பாதை எங்க போகுது?"

"ஒப்டுக்கு சேர்."

"பழைய பாதை? கிண்ணியாப் பாதையா?"

"அதுவும் கொம்பியூட்டருக்குள்ளதான் சேர்."

"யாரைக் கொல்லப் போறது?"

"மீன் படத்தை சேர்."

இதைச் சொன்னதும் எனக்கே பயம் கூடிவிட்டது. உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வெளியே வந்த உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"அந்தப் பாதை எனக்குக் காட்டுங்க," என்றார்.

பாதை மூடும் வைபவம்

ஜீப்பில் என்னைக் கொண்டுவந்து அலுவலகத்தில் இறக்கியபோது, முகாமையாளர் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனார். அன்று முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். செல்வம் அண்ணை மட்டும் எழும்பி நின்றார். ஹனிபா காக்கா அதே வாங்கில் இருந்தார். துவக்கு ஏந்திய சிப்பாய்கள் இருவர் வாசலில் நின்றார்கள்.

நான் கறுப்புத் திரையைத் திறந்து ஹனிபா காக்காவின் அட்டையை அடித்துக் காட்டினேன். எழுத்து. பிறகு மீன் படத்தை அமத்தினேன். பெட்டி. பழைய நிரல் னி-யின் விசிறிக்கும் பா-வின் துணைக்காலுக்கும் தனித்தனிப் பெட்டி போட்டதால்தான் மூன்று எழுத்து ஐந்து பெட்டியாகியிருந்தது. அதிகாரி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிங்கள வரியை வாசித்தார். "ஹனிபா," என்றார். ஹனிபா காக்கா, "ஓம் சேர்," என்று எழும்பினார்.

"ரெண்டு பாதை இருக்கு. ஒரு பாதை சரி, ஒரு பாதை பிழை," என்றார் அதிகாரி. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதில் ஒரு உற்சாகமும் வந்துவிட்டது. "பிழைப் பாதை மூடுங்க."

"சேர், மூட வேண்டாமெண்டு ரமணன் சொன்னவர். முதல்ல புதுசை..."

"பாதை மூட எனக்கு அதிகாரம் இருக்கு."

இருந்தது. பழைய நிரலை அழித்தேன். பிறகு மீன் படத்தை அமத்தினேன். இப்போது பெட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒன்றுமே திறக்கவில்லை. அதிகாரி மௌசை வாங்கித் தானே அமத்தினார். மீண்டும் அமத்தினார். மேசை ஆடியது.

"ஏன் புதுப் பாதையால போகேல்ல?"

"அதுக்குப் புதுப் பாதை தெரியாது சேர். இனித்தான் சொல்லோணும்."

கணினிக்குள் நுழையும்போது அது வாசிக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து, ஒப்ட் என்ற இடத்தையும் பாதையில் சேர்த்து ஒரு வரி எழுதினேன். அதிகாரி அமத்தினார். ஒன்றும் இல்லை. அவருடைய காது சிவந்தது.

"நான் வெளியில போயிட்டுத் திரும்ப உள்ள வரோணும் சேர். அப்பதான் சரிவரும்."

வாசலில் நின்ற இருவரும் துவக்கைக் குறுக்கே பிடித்தார்கள்.

"ஒருத்தரும் வெளியே போக ஏலாது," என்றார் அதிகாரி.

"இந்த வாசலால இல்லை சேர். கொம்பியூட்டரை விட்டு."

அவர் என்னையும் கணினியையும் பார்த்தார். கணினியைச் சுற்றி வந்து அதன் பின்புறத்தையும் பார்த்தார். சுவரைத் தவிர அங்கே எதுவும் இல்லை. தலையை ஆட்டினார். நான் வெளியேறி, கடவுச்சொல்லைப் போட்டுத் திரும்ப நுழைந்தேன். பென்குயின் வந்தது, மீன் வந்தது.

"செல்வம் அண்ணை, நீங்களே அமத்துங்கோ."

செல்வம் அண்ணை கையைச் சாரத்தில் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். நிரல் திறந்தது. பெயர் எழுத்தாக நின்றது. அச்சு இயந்திரம் கரகரவென்று அட்டையைத் துப்பியதும், அவர் அதை எடுத்து வாசிக்கவில்லை. தன் வலது உள்ளங்கையைத்தான் விரித்துப் பார்த்தார். அதிகாரி ஏதோ பாலம் திறந்து வைத்தவர்போல எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். என்னை அழைத்துப்போக மறந்துவிட்டார் என்பது ஜீப் சந்தி திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வாங்கில் இருந்து அழுதேன். ஹனிபா காக்கா தன் அட்டையால் எனக்கு விசுக்கினார்.

பெரிய சேரின் கையெழுத்து

இறக்கக்கண்டிக்காரர்கள் எல்லோருக்கும் புதிய அட்டை அடித்துக் கொடுத்தோம். மறுநாள் ஹனிபா காக்கா திரும்பவும் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மகள், பெட்டி வேணும்."

"என்ன?"

"எழுத்து அட்டைக்கு சென்றிப் பொடியன் விடுறான் இல்ல. அவன்ட கையில ஒரு பெயர்ப்பட்டியல் இரிக்கி. அதுல எல்லாம் பெட்டி. என்ட படகு இலக்கத்துக்கு நேர அஞ்சு பெட்டி. உன்ட அட்டையில எழுத்து இரிக்கி, நீ வேற ஆள் எண்டு சொல்றான்."

விசயம் இதுதான். முதல் அட்டைகளோடு முகாமுக்கென்று முழுப் பெயர்ப்பட்டியல் ஒன்றையும் அடித்து அனுப்பியிருந்தோம். அதையும் செல்வம் அண்ணைதான் மீன் படத்தை அமத்தி அடித்திருந்தார். அது மேலே போய், கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அன்று காலைதான் காவலரணுக்கு வந்து சேர்ந்திருந்தது.

புதிய பட்டியல் அடித்துத் தருகிறோம் என்று முகாமையாளர் முகாமுக்குச் சொல்லியனுப்பினார். அதற்குப் பதிலாக அதே அதிகாரி வந்தார். இந்த முறை துவக்குக்காரர்கள் இல்லை. கதிரையில் இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பெரிய சேர் கையெழுத்து வச்சிருக்கு. எல்லாப் பக்கத்துக்கும்."

"பெட்டிக்கா சேர்?"

"ஓம். பெட்டிக்கு." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "புதுப் பட்டியல் அனுப்பினா, பழையது பிழை எண்டு எழுதிக் குடுக்கணும். பெரிய சேர் பாக்காமக் கையெழுத்து வச்சது எண்டு யார் எழுதுறது? நீங்க எழுதுவீங்களா?"

நான் எழுதமாட்டேன் என்றேன். முகாமையாளர் தண்ணீர் குடிக்க எழும்பினார்.

"நான் எழுதினா என்னை வன்னிச் சண்டை முனைக்கு அனுப்புவாங்க," என்றார் அதிகாரி. அப்போது அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் அறிவேன். போன தடவை முகாம் வாங்கில் இருந்தபோது என்னுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மிஸ், அந்தப் பழைய பாதை... திரும்பத் திறக்க ஏலுமா?"

ரமணனின் சீடீயைத் தேடி எடுத்து, அவர் மூடிய பாதையைத் திறந்து கொடுத்தேன். பழைய நிரலை அதன் பழைய இடத்திலேயே போட்டு, நேராக அந்த இடத்தின் முழுப் பாதையையும் சொல்லித் திரையில் வள்ளம் ஒன்றின் படத்தையும் வைத்தேன். மீனை அமத்தினால் எழுத்து. வள்ளத்தை அமத்தினால் பெட்டி. எந்தக் கையாலும் அமத்தலாம். கணினியைத் திருத்தப் புறப்பட்டு, அது பிழைவிடுவதற்கு ஒழுங்கான வழி அமைத்துக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செல்வம் அண்ணை வள்ளத்தை அமத்தி ஹனிபா காக்காவுக்கு ஐந்து பெட்டி அடித்துக் கொடுத்தார். காக்கா எண்ணிப் பார்த்துவிட்டுச் சேர்ட் பொக்கற்றில் போட்டார்.

"எழுத்து அட்டையைத் தாங்கோ காக்கா," என்று கையை நீட்டினேன். "ரெண்டும் வச்சிருந்தா அதுக்கும் பிடிப்பாங்கள்."

அவர் தரவில்லை. அதை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து, காற்றைப் பிதுக்கி, முடிச்சுப் போட்டு, சாரத்து மடிப்புக்குள் இடுப்போடு சேர்த்துச் செருகினார்.

"சென்றிக்குக் காட்ட அஞ்சு பெட்டி போதும் மகள். கடலுக்குள்ள எனக்கு ஏதும் ஆனா, தூக்கி எடுக்கிறவனுக்கு நான் ஆரெண்டு தெரியணுமே."

அவர் படியிறங்கிப் போனார். அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் எழும்பிப் போனார். வாங்கில் அடுத்தவர் எழும்பி வந்தார். செல்வம் அண்ணை என்னைக் கேட்கவில்லை, முகாமையாளரையும் கேட்கவில்லை. வள்ளத்தை அமத்தினார். அட்டை வந்ததும் மீனை அமத்தினார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அந்த மனிதரின் கையில் கொடுத்தார்.